ஆறு எண்களும் அதற்கு மேலே ஒரு வரியும்

போன் கடை என்று பெயர்தான். போன் விற்பது கொஞ்சம், அடுத்தவர் போனுக்கு வந்ததைப் படித்துச் சொல்வதுதான் நாள் முழுக்க வேலை.

உங்கள் வீட்டிலும் "இத கொஞ்சம் பாரு" என்று போனை நீட்டுகிறவர் ஒருவர் இருப்பார். அதை வாங்கி, ஒரு பெருமூச்சு விட்டு, பார்த்துக் கொடுக்கிறவர் நீங்களாக இருந்தால் நீங்களும் என் கட்சி. எனக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் வரை முடித்தேன். எஸ்.பி.எம் பரீட்சையில் மலாய்க்கு ஏ, மற்றதைக் கேட்காதீர்கள். ஆறாம் படிவம் வேண்டாம் என்றேன், அம்மா வீட்டில் சும்மா கிடக்காதே என்றார், லிட்டில் இந்தியாவில் இந்தக் கடையில் வந்து நின்றேன். முதலாளியை எல்லாரும் பாய் என்று கூப்பிடுவார்கள். "படிச்சுச் சொல்றதுக்குக் காசு கேக்காத. சும்மா படிச்சுக் குடுத்தா வெக்கத்துக்காவது ஒரு போன் கவர் வாங்குவாங்க" என்பது அவர் வியாபார ரகசியம்.

அதனால் படித்தேன். மலாய், இங்கிலீஷ், வங்கிச் செய்தி, தண்ணீர் பில், பள்ளிக்கூட வாட்ஸ்அப், எல்லாம். இங்கே எழுதுவது வங்கிச் செய்திகளை மட்டும். ஏன் என்று முதல் கதையிலேயே தெரிந்துவிடும்.

வேகமாகப் படிக்கிற பிள்ளை

சேர்ந்து இரண்டாவது வாரம். சரோஜா அக்கா புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை செய்கிறவர். கம்பெனி பஸ் சாயங்காலம் எங்கள் முனையில்தான் இறக்கிவிடும். பத்து வெள்ளிக்கு, அதாவது பத்து ரிங்கிட்டுக்கு, டாப் அப் போட வரும்போதெல்லாம் அவருடைய அரசாங்க மலிவுவிலை வீட்டுக் கதையை ஒருமுறை கேட்டாக வேண்டும். எட்டு வருஷம் காத்திருந்து பெயர் வந்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் முன்பணம் ஆறாயிரம் வெள்ளி கட்டினால் வீடு. கட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பணம் பேங்க்கில் தயாராக இருக்கிறது. சமையலறைச் சுவருக்கு என்ன நிறம் என்பதுவரை எனக்குத் தெரியும். பச்சை.

அன்றைக்கு அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். "தங்கச்சி, பேங்க்காரர் லைன்ல இருக்காரு. ஜொகூர்ல எவனோ என் கார்ட வச்சி சாமான் வாங்குறானாம். நிறுத்தணுமாம். நம்பர் ஒண்ணு வந்திருக்காம், பேசிக்கிட்டே எப்படிப் பாக்குறதுன்னு தெரியல. நீ படிச்சுச் சொல்லும்மா." நான் ஒருத்தர் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தூசி விழுந்தால் கண்ணாடி வீண். எரிச்சலோடு அக்காவின் போனை வாங்கினேன், மெசேஜைத் திறந்தேன், ஆறு எண்ணையும் மலாயில் கடகடவென்று ஒப்பித்தேன்.

அந்த ஆறு எண்ணுக்கு மேலே ஒரு வரி இருந்தது. இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், வங்கி ஊழியரிடம்கூட. கண் அதைப் பார்த்தது. வாய் எண்ணை மட்டும் படித்தது. அந்த ஆள் எனக்கு அழகாக நன்றி சொல்லிவிட்டு வைத்தான். நான் போனைத் திருப்பிக் கொடுத்தபோது அக்கா பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாகச் சொன்னார்: "எம்மாம் வேகமா படிக்குது பாருங்கண்ணே இந்தப் பிள்ள!"

இரண்டு பெயர்

மறுநாள் சாயங்காலம் அக்கா வந்தார். டாப் அப் கேட்கவில்லை. ஏ.டி.எம் சீட்டைக் கவுண்டரில் வைத்தார். கணக்கில் மிச்சம் நூற்றுப் பன்னிரண்டு வெள்ளி. கார்டு எண்ணையும் பின் நம்பரையும் பஸ்ஸில் வரும்போதே அந்த ஆளிடம் சொல்லியிருக்கிறார். அவனுக்கு இன்னும் வேண்டியிருந்தது அந்த ஆறு எண் மட்டும்தான். அது கிடைத்தால் அவன் போன்தான் அக்காவின் போன் என்று வங்கியை நம்ப வைக்கலாம். இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது: புதுப் போனைச் சேர்த்த உடனே பணத்தை நகர்த்த முடியாது, சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்தச் சில மணி நேரத்தில் ஒரு போன் அடித்திருந்தால் போதும். நான் வீட்டுக்குப் போய் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுத் தூங்கினேன்.

பாய் கடையைப் பாதியில் சாத்தினார். முதலில் கார்டின் பின்னால் இருக்கிற எண்ணுக்கு அடித்துக் கணக்கை முடக்கினோம், பிறகு போலீஸுக்குப் போனோம். நம்பரை யார் சொன்னது என்று அதிகாரி கேட்டார். அக்கா என் முகத்தையே பார்க்காமல் "நான்தான்" என்றார். நான் குறுக்கே புகுந்து, இல்லை, படித்தது நான் என்றேன். எனக்குப் பொய் கேட்டுக்கொண்டு சும்மா நிற்க வராது. அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் அக்கா என் தோளில் ஒரு தட்டு தட்டினார்: "ஒருத்தி ஏமாந்தான்னு எழுதினா பத்தாதா? இப்ப ரெண்டு பேரு பேரயும் எழுத வச்சிட்டியே, லூசு."

சொல்லாமல் வைப்பது

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு சட்டம். ஸ்பீக்கரில் 'பேங்க்காரர்' இருக்கிற போன் என் கைக்கு வந்தால் முதலில் சிவப்புப் பட்டனை அழுத்துவேன். அப்புறம்தான் வணக்கம். நாமாகக் கார்டின் பின்னால் உள்ள எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தி வங்கியைக் கூப்பிடுவோம். அந்த ஆள் கொடுத்த எண்ணுக்கு இல்லை, அவன் கூப்பிட்ட எண்ணுக்கும் இல்லை.

இதற்கு முதலில் மாட்டினவர் ஒரு செட்டியார் ஐயா, கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத சட்டை. போனைக் காதில் வைத்து "யெஸ் சார், யெஸ் சார், ஒன் மினிட் சார்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் கணக்கில் கறுப்புப் பணம் வந்திருக்கிறதாம், பாதுகாப்பான கணக்குக்கு மாற்ற வேண்டுமாம். "வைங்க ஐயா" என்றேன். "எப்படிம்மா வைக்கிறது, பேசிட்டிருக்காரே" என்றார். மூன்று தடவை சொன்னேன். நாற்பது வருஷம் மூன்று மொழியில் கணக்குப் பார்த்தவருக்குத் திருடன் பேச்சை நடுவில் நிறுத்தக் கூச்சம். நம்மவர்கள் எல்லாரிடமும் இதைப் பார்த்துவிட்டேன். ஒருத்தன் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது "சரி, வச்சிடவா?" என்று கேட்காமல் போனை வைக்க நமக்குக் கை வராது. அவர்கள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

நான் எட்டிப் பிடுங்கி அழுத்தினேன். ஐயா முகம் சிவந்துவிட்டது. மரியாதை தெரியாத பிள்ளை என்று பாயிடம் புகார் கொடுத்தார். கார்டில் இருந்த எண்ணுக்கு அடித்தோம். வங்கியிலிருந்து அவரை யாரும் கூப்பிடவே இல்லை, அவர் பணம் அப்படியே இருக்கிறது என்றார்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "எல்லாம் சரிதாம்மா. இருந்தாலும் நீ ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிருக்கலாம்."

உண்மையான பேங்க்

எதிர் வரிசையில் மீ கோரேங் கடை வைத்திருக்கிற அண்ணனுக்கு நான் சொன்னதில் பாதி மட்டும் காதில் விழுந்தது. 'வை' என்பது விழுந்தது. 'பிறகு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்' என்பது விழவில்லை. ஒரே வாரத்தில் நாலு தடவை வங்கியிலிருந்து உண்மையாகவே கூப்பிட்டிருக்கிறார்கள். கார்டில் ஏதோ சந்தேகமான வரவு செலவு. அண்ணன் நாலு தடவையும் சும்மா வைக்கவில்லை, நன்றாகத் திட்டிவிட்டு வைத்திருக்கிறார்.

கார்டை நிறுத்திவிட்டார்கள். அவருக்கு அது தெரிந்தது புக்கிட் மெர்தாஜாமில், மாமியார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிற வழியில், பெட்ரோல் பங்கில், எண்ணெய் நிரப்பின பிறகு. மச்சானைக் கூப்பிட்டுப் பணம் கட்ட வைத்தாராம். மறுநாள் என் கவுண்டருக்கு வந்து நின்றார்: "ஒன் பேச்சக் கேட்டு உண்மையான பேங்க்காரனோட அம்மாவையே இழுத்துட்டேன் தங்கச்சி. இப்ப கார்டு வேணும்னா அவன் கிட்டதான்லா போயி நிக்கணும்!"

ரகசிய எண்

பின் நம்பரை எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று என்னைக் கேளுங்கள். போன் கவருக்கு உள்ளே. சிம் கார்டு அட்டையில். சாமிப் படத்துக்குப் பின்னால். ஒருவர் பச்சை குத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

புது போன் வாங்கினால் வங்கி ஆப்பை நான்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். "நம்பர நீங்களே போடுங்க, நான் திரும்பிக்கிறேன்" என்று சொல்லி சுவரைப் பார்த்து நிற்பேன். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி ஓட்டுநர் பிறை ஊர் வரைக்கும் கேட்கிற குரலில் எண்ணைச் சொன்னார். கடையில் ஏழு பேர் நின்றார்கள். ஏன் கத்தினீர்கள் என்று கேட்டேன். "இந்த நம்பரு என் பொஞ்சாதிக்கே தெரியாது பாப்பா. ஒனக்கு மட்டுந்தான் சொல்லியிருக்கேன்."

படித்தவர்

இதையெல்லாம் கேட்டுவிட்டு, படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று நீங்கள் நினைத்தால் எனக்குக் கோபம் வரும். ஒரு நாள் மதியம் ஒரு அக்கா வந்தார். அலுவலக உடை, கழுத்தில் அடையாள அட்டை, அட்டையைத் திருப்பி மாட்டியிருந்தார். போனை நீட்டினார். உங்கள் கணக்கு இன்றிரவு முடக்கப்படும், உறுதிப்படுத்த இதை அழுத்துங்கள் என்று ஒரு மெசேஜ். வங்கியின் பழைய மெசேஜ்கள் இருக்கிற அதே வரிசையில், அதே பெயரில் வந்து உட்கார்ந்திருந்தது. அழுத்தியிருக்கிறார். பெயரும் பாஸ்வேர்டும் போட்டிருக்கிறார். போட்ட பிறகுதான் வங்கிகள் இப்போது மெசேஜில் லிங்க்கே அனுப்புவதில்லை என்பது நினைவுக்கு வந்திருக்கிறது.

நான் லெக்சர் கொடுக்கவில்லை. அவர் ஆப்பில் கணக்கை உடனே பூட்டுகிற பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டினேன், அழுத்தினார். அப்புறம் வங்கிக்குப் போன். ஒரு காசு போகவில்லை. ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். யாருக்குமே இப்படி நடக்கும் அக்கா, வெட்கப்படாதீர்கள் என்றேன். அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லிடாத தங்கச்சி. நான் வேலை பாக்குறதே ஒரு பேங்க்லதான்."

மூன்று மாதம்

அந்த மாதக் கடைசிக்குள்ளேயே சரோஜா அக்காவுக்கு வங்கியிலிருந்து கடிதம் வந்தது. கடைக்குத்தான் கொண்டு வந்தார். இந்தத் தடவை மெதுவாகப் படித்தேன், ஒரு வரி விடாமல். வாடிக்கையாளரே எண்ணைத் தெரிவித்ததால் வங்கி பொறுப்பேற்க இயலாது. ஒரு தொகை வேறொரு கணக்கில் முடக்கப்பட்டுள்ளது, விசாரணை முடிந்த பிறகு தெரிவிக்கப்படும். வாடிக்கையாளர் சொல்லவில்லை, நான் சொன்னேன் என்று கடிதத்தைப் பார்த்தே கத்தினேன். பாய் என்னைப் பின்னால் போய் டீ குடிக்கச் சொன்னார்.

என் விடுமுறை நாளில் அக்காவோடு வீட்டு வசதி அலுவலகத்துக்குப் போனேன். போலீஸ் புகாரின் நகலை நீட்டினோம். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண்மணி அதை முழுதும் படித்தார், எழுந்து உள்ளே போனார். நாங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அக்கா வீட்டுக் கதையை எடுக்கவே இல்லை. பச்சை நிறத்தைப் பற்றிக்கூட. நான் என் சம்பளத்தில் பாதியைத் தருகிறேன் என்றேன். ஒம் பாதிச் சம்பளத்துல கதவு வாங்கலாம், வீடு வாங்க முடியாது என்றார். அந்தப் பெண்மணி திரும்பி வந்து, மூன்று மாதம் தவணை கிடைத்திருக்கிறது, அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்றார். வெளியே வந்ததும் அக்கா குடையை விரித்தார்: "மூணு மாசம் ஓ.டி போட்டா ஆச்சு. எட்டு வருஷம் நின்னவளுக்கு மூணு மாசம் ஒரு கணக்கா?"

லீவு

ஓ.டி போட்டார், தினமும் கூடுதல் நேர வேலை. ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறினார். தங்கச் சங்கிலி கழுத்தில் இல்லாததை நான் பார்த்தேன், கேட்கவில்லை. தவணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது இன்னும் எண்ணூறு வெள்ளி குறைந்தது. அப்போது ஒரு சாயங்காலம் மறுபடியும் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். வேறு ஒரு குரல், அதே மரியாதை. வங்கியின் பணம் மீட்புப் பிரிவாம். அக்கா இழந்தது முழுதும் கிடைத்துவிட்டதாம், இன்றைக்கே கணக்கில் போட்டுவிடலாமாம். இப்போது ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னால் போதுமாம். ஒரு தடவை ஏமாந்தவர்களின் போன் எண்களை இவர்கள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்வார்கள். அது எனக்குத் தெரியும். என் விரல் சிவப்புப் பட்டனுக்குப் போய்விட்டது.

அக்கா போனைக் கையால் மறைத்துக்கொண்டார். "இரு." பேசிக்கொண்டே மெசேஜைத் திறக்க அவருக்கு இப்போது தெரியும், நான்தான் காட்டிக் கொடுத்திருந்தேன். திறந்தார். எண்ணுக்கு மேலே இருந்த வரியின் அடியில் விரலை வைத்தார். "இத மட்டும் படி. சத்தமா." நான் மலாயில் படித்தேன். பிறகு தமிழில் சொன்னேன்: இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், வங்கி ஊழியரிடம்கூட. கடையே கேட்டது. அந்தக் குரலும் கேட்டிருக்கும், அவசரமாக, நம்பர் மட்டும் போதும் புவான், மேடம், நம்பர் மட்டும் என்றது. அக்காவின் கண் அந்த ஆறு எண்மேலேயே இருந்தது. பணம் வந்தால் நாளைக்கே வீடு. அவர் உதடு அசைந்தது.

போனை வாய்க்கருகே கொண்டுபோய்த் தன் உடைந்த மலாயில் சொன்னார்: படித்துச் சொல்கிற பிள்ளைக்கு இன்றைக்கு லீவு. சொல்லிவிட்டு, வைக்கவா என்று கேட்காமலே வைத்தார். நான் வங்கிக்கு அடிக்கலாம் என்றேன், அடித்தோம், அப்படி ஒரு பிரிவே கூப்பிடவில்லை என்றார்கள். அக்காவுக்கு அது முன்னமே தெரியும். பத்து வெள்ளிக்கு டாப் அப் போடச் சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு நிமிஷம் நம்பிட்டேன் தங்கச்சி. அந்த ஒரு நிமிஷம் நல்லாத்தான் இருந்துச்சு."

தவணை முடிய ஒரு நாள் இருக்கும்போது அக்கா முன்பணத்தைக் கட்டினார். அந்த எண்ணூறை யார் கொடுத்தார்கள் என்று பாயைக் கேட்டால் சீலிங் ஃபேனைப் பார்க்கிறார். ரசீதைக் கடைக்குக் கொண்டு வந்தார், நான் மேலிருந்து கீழ்வரை படித்துக் காட்டினேன்.

ஒரு மெசேஜை முதல் வரியிலிருந்து படிக்க வேண்டும் என்பதை மலாய்க்கு ஏ வாங்கின நான் இந்தக் கடையில்தான் கற்றேன், அதற்கான பள்ளிக் கட்டணத்தை மட்டும் சரோஜா அக்கா கட்டிவிட்டார்.